பூ வைத்தார்கள்

எங்கள் பக்கத்தில் பூ வைக்கிறது என்றால் ஜாடியில் வைப்பதல்ல. பெண் பிடித்துப்போன பிறகு, நிச்சயதார்த்தத்துக்கு முன்பாக ஒரு நல்ல நாளில் மாப்பிள்ளை வீட்டார் நாலைந்து பேராக வருவார்கள். மாப்பிள்ளையின் அம்மா தன் கையால் பெண்ணின் தலையில் பூச்சூட்டுவார். அதற்குத்தான் அந்தப் பெயர். பூ வைத்தாயிற்று என்றால் பேச்சு முடிந்தது. இரு வீட்டாரும் மற்ற ஜாதகங்களை எடுத்து உள்ளே வைத்துவிடலாம். சென்ற தை மாதம், பொங்கல் கழிந்து வந்த ஒரு வளர்பிறை ஞாயிற்றுக்கிழமையில், அரியலூரில் எங்கள் வீட்டில் என் மகளுக்குப் பூ வைத்தார்கள்.

எதையும் நாள் போட்டுக் குறித்துவைப்பது என் பழக்கம். சிமெண்ட் ஆலை அலுவலகத்தில் கோப்பு பார்த்த காலத்தில் தொற்றிக்கொண்டது, ஓய்வுக்குப் பிறகு முற்றிவிட்டது. அன்றன்றைய நாள்காட்டித் தாளைக் கிழித்ததும் பின்பக்கத்தில் எழுதிவிடுவேன்: தெருவில் புதுக் குழாய் பதித்தார்கள், அதே குழாயைத் தோண்டி எடுத்தார்கள். ஊர் வரலாறு எழுதப்போவதாக வெளியில் சொல்லிக்கொள்கிறேன். வீட்டில் யாரும் அதைக் கேட்டு அசந்ததில்லை. ஆனால் இந்த ஒரு நாளின் தாளில் நான் எழுதிய இரண்டு சொற்களை மட்டும் ஆளுக்கொரு விதமாகப் படித்தார்கள். அதைச் சொல்ல வேண்டுமானால் பூந்தோட்டத்தில் தொடங்க வேண்டும். அதற்கும் முன்னால் அக்காவில்.

அக்கா திருமானூரில் இருக்கிறாள். ஆலை என்னை வடக்கே ஒரு கிளைக்கு மாற்றியிருந்த ஆண்டுகளில் என் மகள் படித்து வளர்ந்தது அக்கா வீட்டில்தான். தினமும் காலையில் அவளுக்கு இரட்டைச் சடை பின்னிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியது அக்கா. அத்தான் இறந்தது போன வருஷத்துக்கு முந்தைய ஐப்பசியில், விடாத மழையில். அதிலிருந்து அக்கா பூவைத் தொடவில்லை. தலையில் வைப்பதில்லை என்பது ஊர் வழக்கம். தொடுவதில்லை என்பது அவளே சேர்த்துக்கொண்டது.

நாள் குறித்ததைச் சொல்ல அவளைப் போனில் கூப்பிட்டபோது தன் முடிவைச் சொல்லிவிட்டாள். வருவேன், சமைப்பேன், இலை போடுவேன். பூ வைக்கிற நேரத்தில் மட்டும் கூடத்துக்கு வரமாட்டேன், அடுப்படியில் இருந்துகொள்கிறேன். அவளை யாரும் அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. அப்படியெல்லாம் இல்லை என்று யாரும் மறுக்கவும் இல்லை. எங்கள் வீட்டில் எல்லோரும் நாலு எழுத்துப் படித்தவர்கள். அவரவர் முடிவை மதிப்பவர்கள். நமக்கும் வசதியான முடிவு என்றால் கூடுதலாகவே மதிப்போம். "அண்ணி சொன்னா யோசிச்சுத்தான் சொல்வாங்க" என்றாள் என் மனைவி. நான் தலையாட்டினேன். நான் வாசிக்கும் புத்தகங்களின்படி நான் ஆட்டியிருக்கக் கூடாது.

மகள் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. திருச்சியில் ஒரு ஆபீஸில் வேலை பார்க்கிறவள். நாலு பேரை வைத்து வேலை வாங்குகிறவள். "அத்தை என் பக்கத்துல நிக்கலைன்னா நான் தலையக் குனிய மாட்டேன். அவங்க பூவ வச்சுக்கிட்டு நின்னுட்டுப் போகட்டும்" என்றாள். சொன்னதைச் செய்கிற பெண். அவளை அப்படி வளர்த்தவளும் சொன்னதைச் செய்கிறவள். இந்த இருவருக்கும் நடுவில் ஒரு பூச்சரம் எப்படிப் போய்ச் சேரப்போகிறது என்பதுதான் அந்த வாரம் முழுக்க எங்கள் கவலையாக இருந்தது.

பூ வைப்பதற்கு முதல் நாள், சனிக்கிழமை காலை, மகள் எங்களைக் காரில் ஏற்றினாள். கூடத்தை அலங்கரிக்கப் பிளாஸ்டிக் பூ வேண்டாம், வாடகைப் பந்தலும் வேண்டாம், காம்போடு பூ வாங்கி ஜாடிகளில் வைப்போம் என்பது அவள் திட்டம். பெரம்பலூர் தாண்டி, ரஞ்சன்குடிக் கோட்டை தெரிகிற பக்கத்தில், நாமே பறித்துக்கொள்ளும் பூந்தோட்டம் ஒன்று இருப்பதாகப் போனில் பார்த்திருந்தாள். அக்கா முந்தின நாள் மாலையே பலகாரம் செய்ய வந்திருந்தாள். கூடத்துக்கு வரமாட்டேன் என்றுதானே சொன்னீங்க, தோட்டத்துக்கு வரமாட்டேன்னு சொல்லலையே என்று மகள் மடக்கினாள். அக்கா முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். என் மனைவி வீட்டில் அதிரசப் பாகுக்குக் காவல் இருந்தாள்.

தோட்டக்காரர் முப்பது முப்பத்தைந்து வயது இளைஞர். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தவர். கொரோனா முடக்கத்தில் ஊருக்கு வந்து, அப்பாவின் சோளக்கொல்லையைப் பார்த்து மனம் இளகி, அதில் பூப் போட்டுவிட்டார். வாசலில் பூ வளைவு, ஊஞ்சல், செல்ஃபி எடுக்க இதய வடிவில் ஒரு பிரம்பு நாற்காலி. உள்ளே நிழல்வலையின் கீழ் ஜெர்பெரா. திறந்த கரிசலில் சாமந்தி, ஆஸ்டர், சம்பங்கி. நுழைவுச் சீட்டு உண்டு. பறித்த பூவுக்குத் தனியாக, காம்புக்கு இவ்வளவு என்று கணக்கு.

இதை மகள் விளக்கியபோது அக்கா நின்றுவிட்டாள். அவள் கல்யாணத்துக்கு முன்னால் பூப்பறிக்கக் கூலிக்குப் போனவள். எங்களுக்கு நிலம் கிடையாது. இன்னொருவர் கொல்லையில் விடியுமுன் குனிந்து, வெயில் ஏறுமுன் நிமிர்வாள்.

"பறிக்கிறது நாம. காசும் நாமளே குடுக்குறதா?"

"ஆமா அத்தை."

"கூலிக்கு ஆள் கெடைக்கலன்னா இப்படியும் ஒரு வழி இருக்கா" என்று அக்கா இளைஞரைப் பார்த்தாள். பாராட்டுத்தான். அவர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டு நன்றி சொன்னார்.

பிறகு எங்கள் கையில் ஆளுக்கொரு கத்தரிக்கோலும் ரிப்பன் கட்டிய கூடையும் கொடுத்துப் பாடத்தைத் தொடங்கினார். நகத்தால் கிள்ளக் கூடாது. அடியில் சாய்வாக வெட்ட வேண்டும். முழங்கை நீளம் காம்பு இருக்க வேண்டும். வெட்டியதும் வாளித் தண்ணீரில் முக்க வேண்டும், காற்று காம்புக்குள் புகுந்தால் தண்ணீர் ஏறாது. நான் இதையெல்லாம் ஏற்கனவே படித்திருந்தேன் என்று காட்ட நடுநடுவே இரண்டு கேள்வி கேட்டேன். அவரும் மகிழ்ந்துபோய் வேர், சாறு, கிருமி என்று விரிவாக இறங்கினார். மகள் ஜெர்பெராவைப் படம் எடுக்கப் போய்விட்டாள்.

நாங்கள் கிருமியை முடித்துவிட்டுத் திரும்பியபோது அக்கா சாமந்திப் பாத்தியின் பாதியில் இருந்தாள். கத்தரிக்கோல் வரப்பில் கிடந்தது. முந்தானையை இடுப்பில் செருகி மடியாக்கி, இரண்டு பக்கமும் இரண்டு கையும் ஒரே நேரத்தில் போய்க்கொண்டிருந்தன. மடி நிறைய மஞ்சள். அவள் கடந்துபோன பாத்தியில் தலையில்லாத காம்புகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன.

இளைஞர் ஓடினார். "அம்மா, அம்மா. காம்பு எங்கம்மா?"

அக்கா நிமிர்ந்தாள். "காம்பு எதுக்கு தம்பி? எடை போடுறப்ப கழிச்சுருவீங்களே."

அந்தக் காலத்தில் காம்போடு பறித்தால் எடைக்காக ஏமாற்றுகிறாள் என்று கங்காணி கூலியைப் பிடிப்பாராம். பூவை வெறும் தலையாகக் கிள்ளுவதுதான் நாணயம். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அவள் விரல்கள் நாணயமாகவே இருந்தன. இளைஞருக்கு அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை. எங்ககிட்ட எடைக்கணக்கு கிடையாதும்மா, தராசே கிடையாது என்றார் மெதுவாக.

"பூக்கொல்லைல தராசு இல்லியா" என்றாள் அக்கா. அவருக்காக அவள் உண்மையிலேயே வருத்தப்பட்டாள்.

அப்போதுதான் குனிந்து தன் மடியைப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது. இவ்வளவு நேரம் பூவைத் தொட்டுக்கொண்டிருந்தது தானென்று அவளுக்கு அந்த நிமிடத்தில்தான் தெரிந்தது. "கை பாட்டுக்குப் போயிருச்சு" என்று என்னிடம் சொன்னாள், ஏதோ தட்டை உடைத்துவிட்டது போல. மகள் வந்து பார்த்தாள். அந்தக் காம்பில்லாத பூ மொத்தத்தையும் எடுத்துக்கொள்கிறோம் என்று இளைஞரிடம் சொல்லி, கூடையை அத்தையின் மடிக்குக் கீழே பிடித்தாள்.

திரும்பி வரும்போது காம்புள்ள பூக்கள் வாளியோடு பின் சீட்டில் என் காலடியில் வந்தன. காம்பில்லாத பூக்கூடையை மகள் அக்காவின் மடியில் வைத்துவிட்டாள், வேறு இடமில்லை என்று. டிக்கி காலியாகத்தான் இருந்தது. பெரம்பலூர் வரை அக்கா கூடையின் விளிம்பை மட்டும் பிடித்துக்கொண்டு வந்தாள். பெரம்பலூர் தாண்டியதும் ஒரு பூச்சி தெரிந்தது என்று அதை எடுத்துப் போட்டாள். பிறகு பூச்சி தேடுவதை அவள் நிறுத்தவில்லை.

பூவை வாடாமல் வைக்கும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். என் மனைவிக்குத் தெரிந்த முறை ஒன்றுதான்: மல்லிகையை ஈரத்துணியில் சுற்றி, எவர்சில்வர் டப்பாவில் போட்டு, ஃபிரிட்ஜில் தோசை மாவுக்குப் பக்கத்தில் வைப்பது. அது சூடும் பூவுக்கு. ஜாடிப் பூவுக்கு விஞ்ஞானம் வேண்டும். எங்கள் வீட்டில் ஜாடி ஒன்றுதான் இருந்தது. நான் ஓய்வு பெற்ற நாளில் கொடுத்தது; அதில் மின்சாரக் கட்டண ரசீதும் ஒரு திருப்புளியும் குடியிருந்தன. அவற்றைக் காலி செய்துவிட்டு, மீதிப் பூவுக்கு இரண்டு குடம், ஒரு கூஜா, ஊறுகாய் ஜாடி என்று திரட்டினேன். எல்லாவற்றையும் குளிர்ச்சிக்காகக் குளியலறையில் வைத்தேன். அன்று மாலை வீட்டில் குளிக்க வேண்டியவர்கள் பின்பக்கக் குழாயடியில் குளித்தார்கள்.

தண்ணீரில் சர்க்கரை போடலாம், அது பூவுக்கு உணவு என்று ஒரு புத்தகம் சொன்னது. எலுமிச்சைச் சாறு என்றது இன்னொன்று. தலைவலி மாத்திரையைப் பொடித்துப் போடச் சொன்னது ஒரு வார இதழ். கிருமி வராதிருக்க ஒரு துளி பிளீச்சிங் என்று எங்கேயோ படித்தேன். ஒவ்வொன்றும் நல்லது என்றால் நான்கும் சேர்ந்தால் நான்கு மடங்கு நல்லது. துளி என்றால் எவ்வளவு என்று எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் போடும் பவுடர் இருந்தது, ஒரு கை அள்ளிப் போட்டேன். அடுத்த நாள் மாலைவரை தாங்கும் என்று நாள்காட்டித் தாளில் எழுதிவைத்துவிட்டுப் படுத்தேன்.

காம்பில்லாத சாமந்தியை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. கோர்க்கலாம் என்றாள் மனைவி. அக்கா கோர்க்க மாட்டேன் என்றுவிட்டாள். கோர்த்தால் அது தலைக்கு வைக்கிற பூ ஆகிவிடும். குப்பையிலும் போட முடியாது. பாயசத்துக்காகப் பரணிலிருந்து இறக்கிக் கழுவிவைத்த பித்தளை உருளி அடுப்படியில் இருந்தது. அதில் தண்ணீரை ஊற்றி எல்லாப் பூவையும் மிதக்கவிட்டாள், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று. காலையில் பாயசம் குக்கரில் வெந்தது.

ஞாயிறு விடிந்ததும் குளியலறையைத் திறந்தேன். ஜெர்பெராக்கள் எல்லாம் கழுத்து ஒடிந்து, தலைமையாசிரியர் அறைக்கு வெளியே நிற்கும் பிள்ளைகளைப் போலத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஆஸ்டர் வெளுத்துவிட்டது. குடத்துத் தண்ணீரில் நீச்சல் குளத்து வாடை. மகள் என் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். "என்னப்பா குடுத்தீங்க இதுங்களுக்கு?" என்றாள். சொன்னேன். "மாத்திரை கூடவா" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாள்.

போனவள் அடுப்படியிலிருந்து உருளியை இழுத்துக்கொண்டு வந்தாள். அம்மாவும் மகளும் ஆளுக்கொரு காதைப் பிடித்துத் தூக்கி, கூடத்தின் நடுவில், மாப்பிள்ளை வீட்டார் உட்காரும் ஜமுக்காளத்துக்கு முன்னால் வைத்தார்கள். மஞ்சள் சாமந்தி விளிம்பு முட்ட மிதந்தது. கூடத்தில் வேறு பூவே இல்லை. மின்விசிறிக் காற்றில் பூ எல்லாம் ஒரு பக்கமாக ஒதுங்கியபோது, அத்தை, வந்து கொஞ்சம் பரப்பி விடுங்க என்று மகள் குரல் கொடுத்தாள். அக்கா வந்து பரப்பிவிட்டுப் போனாள். சற்றுக் கழித்துத் தண்ணீர் குறைந்துவிட்டது என்றாள் மகள். அக்கா சொம்போடு வந்தாள். மாப்பிள்ளை வீட்டார் வருவதற்குள் அக்கா கூடத்துக்கு எத்தனை தடவை வந்துபோனாள் என்பதை அவள் எண்ணவில்லை. மகள் எண்ணியிருப்பாள்.

வெளியில் கார் சத்தம் கேட்டதும் அக்கா அடுப்படி நிலைப்படிக்கு உள்ளே போய் நின்றுகொண்டாள்.

அவர்கள் முந்திரி விளைகிற ஜெயங்கொண்டத்துக்காரர்கள், தட்டில் பழத்துக்குச் சமமாக முந்திரிப்பருப்பு இருந்தது. மாப்பிள்ளையின் அம்மா உயரமான, அவசரமான பெண்மணி. செருப்பைக் கழற்றியதும் நல்ல நேரம் எத்தனை மணி வரை என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தவர், உருளியைப் பார்த்து நின்றார்.

"பூ யாரு வச்சது?"

அந்த வாரம் முழுக்க எங்களுக்கு அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். வேறு யாரோ நம் பெண்ணுக்கு முன்பே பூ வைத்துவிட்டதாக இவர்களிடம் சொல்லியிருக்கிறார்களா என்று நினைத்து என் மனைவி அவசரமாக முன்னால் வந்தாள். "இன்னும் யாரும் வைக்கலீங்க. நீங்கதான் வைக்கணும்" என்றாள்.

"அதில்லங்க, இதச் சொன்னேன்" என்று உருளியைக் காட்டினார் அந்த அம்மாள்.

"எங்க அத்தைதாங்க வச்சாங்க, நேத்துப் பறிச்சது" என்றாள் மகள், நிலைப்படியைப் பார்த்து, தேவைக்கு அதிகமான சத்தத்தில்.

எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். அக்கா புடவைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். அந்த அம்மாள் அவள் நெற்றியைப் பார்த்தார். பார்க்காதது போலவும் இருந்தது. "நேத்துப் பறிச்ச பூங்கிறாங்க, வாடவே இல்லியே. என்ன பண்ணுனீங்க?"

"வாடுறதுக்கு அதுல காம்பே இல்லீங்களே" என்றாள் அக்கா.

அந்த அம்மாள் சிரித்துவிட்டார். நான்தான் காம்பைப் பற்றி அவ்வளவு படித்தவன். எனக்குச் சிரிப்பு வரச் சற்று நேரமாயிற்று. ஆனால் அக்கா நிலைப்படியைத் தாண்டவில்லை.

நல்ல நேரம் ஓடிக்கொண்டிருந்தது. மகளை மனையில் உட்காரவைத்தார்கள். அந்த அம்மாள் மல்லிகைச் சரத்தை எடுத்து இரண்டாக மடித்து அவளுக்குப் பின்னால் போனார். அங்கேதான் சிக்கல். என் மகள் திருச்சியில் தோளளவுக்கு முடியை வெட்டிக்கொண்டிருந்தாள். சடையில்லை, கொண்டையில்லை, சரம் நிற்க இடமில்லை. வைத்தார், வழுக்கியது. மறுபடி வைத்தார், தோளில் விழுந்தது. பூ தரையில் விழுந்துவிடக் கூடாது என்று ஒரு கையால் சரத்தையும் மறுகையால் முடியையும் பிடித்துக்கொண்டார். மனைவி ஹேர்பின் தேடி அறைக்குள் ஓடி, இழுப்பறைகளைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொல்ல ஒரு பெரியவர் தொடங்கிவிட்டார்.

என் மகள் தலையைக் குனியவே இல்லை; நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். "அத்தை, ஒரு பின்னு" என்றாள்.

அக்கா வந்தாள். யோசித்து வரவில்லை என்றுதான் நினைக்கிறேன். பத்து வருஷம் அந்தத் தலையை வாரியவள். வரும்போதே தன் கொண்டையிலிருந்து ஒரு பின்னை உருவி, பல்லால் கடித்து விரித்தாள். மகளின் உச்சியில் ஒரு தட்டு தட்டி, "குனி" என்றாள். மகள் குனிந்தாள். அந்த அம்மாள் சரத்தைப் பிடித்துக்கொள்ள, அக்கா முடியில் ஒரு கொத்தைச் சுருட்டி, சரத்தின் நாரோடு சேர்த்துப் பின்னைச் செருகினாள். பிறகு பூவை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தாள். "இனி விழாதுங்க" என்றாள். "விடுங்க."

அந்த அம்மாள் கையை விட்டார். பூ நின்றது.

போட்டோவில் மகளின் தலைக்குப் பின்னால் இரண்டு கைகள் இருக்கின்றன. ஒன்றில் தங்க வளையல்கள், இன்னொன்றில் வளையலே இல்லை. இரண்டும் பூவின் மேல்தான் இருக்கின்றன.

அவர்கள் போன பிறகு அக்கா உருளியிலிருந்து தண்ணீரை ஒரு வாளியில் இறுத்துக்கொண்டிருந்தாள். மனைவி எதையோ சொல்ல நினைத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அதற்குள் அக்காவே முந்திக்கொண்டாள்.

"நான் பூ வைக்கல. பின்னுதான் குத்துனேன்."

"ஆமாங்க அண்ணி. பின்னுதானே" என்றாள் மனைவி, நிம்மதியாக.

அன்றைய தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில் 'பூ வைத்தார்கள்' என்று எழுதினேன். யார் என்று எழுதவில்லை. எவ்வளவு விவரமாக எழுதுகிறவன் என்று பெயரெடுத்த நான் இரண்டே சொல்லில் முடித்ததை மகள் கவனித்தாள். என் மனைவி படித்துவிட்டு, சம்பந்தியம்மாவை மரியாதையாக எழுதியிருக்கீங்க, நல்லது என்றாள். மகள் படித்துவிட்டு, ரெண்டு பேர்னு எழுதிட்டீங்களா, சந்தோஷம்ப்பா என்றாள். நம் மொழியில் மரியாதைக்கும் பன்மைக்கும் ஒரே விகுதி என்பது இவ்வளவு உதவும் என்று எந்த இலக்கணப் புத்தகமும் எனக்குச் சொன்னதில்லை.

அக்கா மறுநாள் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது தாளை எடுத்துப் பார்த்தாள். எழுத்துக் கூட்டிப் படித்தாள். திரும்பப் பலகையில் வைத்துவிட்டு, அந்த உருளித் தண்ணியக் கொட்டிறாத, செடிக்கு ஊத்து என்றாள். பிறகு படி இறங்கும்போது, என் பக்கம் திரும்பாமல், கல்யாணம் ஆவணியிலயா என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன்.

"அதுக்குள்ள அவளை முடிய வளக்கச் சொல்லு."

மகளிடம் சொன்னேன். வளர்க்க மாட்டேன் என்கிறாள்.